கத்திக்குப் பேர், பிடிக்குப் பாடு

என் ராசாத்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்காவிட்டால் உனக்குக் கடிதம் படித்த நிறைவே வராதே, அதனால் முதலில் அதை எழுதிவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. நம்மூரில் மழை என்றால் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும், மறுநாளே வெயிலடிக்கும், வடகம் பிழிந்து காயப்போடலாம். இங்கே காலையில் தூறல் பிடித்தால் ராத்திரி வரைக்கும் அதே தூறல்தான், துணி உலர வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு வீடியோவில் பேசும்போது அந்தத் துணிக்கெல்லாம் பின்னால் குளியலறைக் கதவில் ஒரு தோல்பட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு, “என்னட்டி அது, பிள்ளையை அடிக்கவா?” என்று கேட்டாய். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். அது அத்தானுடைய தோல்வார், சவரக் கத்தி தீட்டுவதற்கு. ஆமாம், மடக்குகிற அந்தப் பழைய காலத்துச் சவரக் கத்திதான், தாத்தாமார் காலத்தில் திண்ணையில் உட்காரவைத்து வழித்துவிடுவார்களே, அதே கத்தி. இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த ஆசை என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன், பதில்தான் இன்னும் வரவில்லை.

ஊர் அப்படி, என்ன செய்ய. சோலிங்கனைப் பற்றி மழையையும் குளிரையும் தவிர உனக்கு நான் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. ஜெர்மனியில் கத்தி, கத்தரிக்கோல், சவரக் கத்தி என்றால் இந்த ஊர்தான். இந்த வட்டாரத்தில் செய்யாத எதிலும் சோலிங்கன் என்ற பேரைப் பொறிக்கக் கூடாதென்று 1938-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், 2012-இலிருந்து ஊர்ப் பேரோடு ‘கத்தி நகரம்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. பஸ்கூட இங்கே தனி தினுசு, தலைக்கு மேல் போகிற மின்கம்பியில் இரண்டு கொம்பை மாட்டிக்கொண்டு 1952 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் பேத்தி வந்தால் அதிலேயே ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுவேன். முன்காலத்தில் ஒரு சவரக் கத்தியை ஒரே இடத்தில் ஒரே ஆள் செய்துவிடுவதில்லையாம். அடித்து உருவாக்குவது ஒரு பட்டறை, சாணை பிடிப்பது வுப்பர் ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றுகிற குடில்கள், பிடி போடுவது இன்னொரு வீடு. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அத்தனை இரும்பையும் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினவர்கள் பெண்கள்தான், லீவர்ஃப்ராவன் என்று அவர்களுக்குப் பேர். ஆண்பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் தீட்டிக்கொண்டிருக்க, சுமை மட்டும் பெண்கள் தலைக்கு! இதை நான் சொன்னபோது அத்தான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கதைக்கு வருகிறேன். பழைய சாமான் சந்தையில் ஒரு கத்தி வாங்கி வந்தார், கொம்புப் பிடி போட்டது, 5/8 அளவு. இந்தக் கத்திகளின் அகலத்தை இன்றைக்கும் அங்குலத்தின் எட்டிலொரு பாகக் கணக்கில்தான் சொல்கிறார்கள், 5/8 என்றால் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் குளியலறை என் வசம் இல்லை. காலையில் நான் பல் தேய்க்கப் போனால் உள்ளே ‘சர்ர்... சர்ர்...’ என்று தோலில் தீட்டுகிற சத்தம், சோப்பு நுரைக்கு ஒரு கிண்ணம், தூரிகைக்கு ஒரு ஸ்டாண்டு, என் எண்ணெய்ப் பாட்டில் ஜன்னலுக்கு இடம் மாறிவிட்டது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் முகம் வழவழவென்று ஆனதா? இல்லை. தாடையில் ஒரே இடம், அதே இடம், தினமும் கீறிவிடும். கூர் போதவில்லை என்று ஒரு தீட்டுக்கல் வந்தது, அதைவிட நைசாக இன்னொன்று வந்தது, அப்புறம் வேறு தோல்வார். எல்லாம் வந்தும் தீட்டின அன்றைக்கு மட்டும் நன்றாக இருக்கும், இரண்டாம் நாளே மறுபடியும் அந்த இடத்தில் பிடித்து இழுக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேனே, நான் செய்கிற மிளகுவடைக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். அவர் இளவயதில் செய்த வேலையே சவரக் கத்திக்குப் பிடி போடுவதுதான். அந்த வேலை செய்பவரை இந்த ஊரில் ரைடர் என்பார்கள். அத்தான் ஏதோ பேச்சுவாக்கில் புலம்பப்போக, கத்தியை எடுத்து வரச் சொன்னார். அவர் கூரைப் பார்க்கவே இல்லையடி! நகத்தில் வைத்துப் பார்க்கவில்லை, முடியை அறுத்துப் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெள்ள மெள்ள மடக்கினார், கண்ணை இடுக்கிக்கொண்டு. மடங்கி முடிகிற இடத்தில் நிறுத்தி அத்தானைப் பார்க்கச் சொன்னார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கத்தியின் நுனிப் பக்கம் பிடியின் ஒரு பட்டையை உரசிக்கொண்டு உள்ளே போகிறது. ஒவ்வொரு நாளும் சவரம் முடித்து மடக்குகிறபோதும் மறுநாள் திறக்கிறபோதும் அதே ஒரு இடம் கொம்பில் தேய்ந்து மழுங்குகிறது, மறுநாள் காலை அதே இடம்தான் தாடையில் பிடிக்கிறது. இவர் கல்லுக்கும் தோலுக்கும் கொட்டின காசெல்லாம் கூருக்கு, கெடுத்ததோ பிடி.

நம் வீட்டில் உங்கம்மா வைத்திருந்தாளே மடக்கு அரிவாள்மணை, அதை நினைத்துக்கொள், சட்டென்று புரியும். ஆணி தளர்ந்தபின் அதில் வெண்டைக்காய் நறுக்கினால் அரிவாள் இடமும் வலமும் ஆடும், எவ்வளவு சாணை பிடித்தாலும் ஒரு காய் நேராக விழாது, மடக்கும்போது விரலைப் பதம் பார்க்கும். சவரக் கத்தி அதைவிடவும் மோசம், ஏனென்றால் அதில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, இத்தோடு நில் என்று தடுக்கிற கட்டையும் கிடையாது. இரண்டு மெல்லிய பட்டை, நடுவில் கத்தி, ஒரு கோடியில் கத்தியைக் கோர்க்கிற ஒரு சின்னப் பித்தளை ஆணியும் அதன் வாஷரும், மறு கோடியில் இரண்டு பட்டையையும் சேர்த்து வைக்கிற ஒரு ஆப்பு, அவ்வளவுதான் மொத்தச் சாமானும். அந்த ஆணி எவ்வளவு கனம் என்கிறாய்? ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதை நம்பித்தான் ஆண்பிள்ளைகள் குரல்வளையில் கத்தியை வைக்கிறார்கள்.

தாத்தா சொன்ன ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆணி போடுகிற துளை ஒரே ஒரு டிகிரி சாய்ந்துபோனாலும் போதுமாம். ஆணியிலிருந்து கத்தி நுனிவரை சுமாராக 12 சென்டிமீட்டர், அவ்வளவு தூரம் போவதற்குள் அந்த ஒரு டிகிரி 2 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். இரண்டு பட்டைக்கும் நடுவில் இருக்கிற இடமே சில மில்லிமீட்டர்தான், அதில் 2 போனால் மிச்சம் என்ன இருக்கிறது, உரசாமல் என்ன செய்யும்? துளை நேராக இருந்தும் பட்டை கோணிக்கொண்டால் அதே கதை. கொம்பு ஈரத்துக்கும் சூட்டுக்கும் வளைந்து கொடுக்கிற பொருள், இந்த ஊர்க் குளியலறையில் ஈரத்துக்குக் கேட்பானேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உனக்கும் வந்திருக்கும்: ஆணி இவ்வளவு முக்கியம் என்றால் ஏன் ஒரு கனத்த இரும்பு ஆணியாகப் போட்டு இறுக்கிவிடக் கூடாது? கேட்டேன், அத்தான் மொழிபெயர்த்தார் (என் ஜெர்மன் இன்னும் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை). தாத்தா தலையை ஆட்டிக்கொண்டே விளக்கினார். கத்தியின் தண்டில் இருக்கிற துளை ஆணியைவிடப் பெரியதாகத்தான் இருக்குமாம், ஆணி அதில் இறுக்கமாகவே உட்காராது. கத்தியை ஆடாமல் நிறுத்துவது ஆணியின் கனம் இல்லை, தண்டின் இரண்டு பக்கமும் பட்டைகள் வந்து அணைத்துக்கொள்கிற அந்த அழுத்தம். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது எது என்று நினைக்கிறாய்? மறு கோடியில் இருக்கிற ஆப்பு! ஆப்பு ஒரே கனமாக இருக்காது, ஆணிப் பக்கம் போகப் போக மெலிந்திருக்கும், தண்டைவிடவும் ஒல்லியாக இருக்கும். அதனால் பட்டைகள் இரண்டும் லேசாக வில்லாக வளைந்து, தாமே ஒரு ஸ்பிரிங்காகி, தண்டைக் கவ்விக்கொள்ளும். ஆணி அந்தக் கவ்வலை இடத்தில் நிறுத்துகிறது, வாஷர் அந்த அழுத்தத்தைக் கொம்பு முழுக்கப் பரப்பிவிடுகிறது. பித்தளை மெத்தென்று இருப்பதும் வேண்டுமென்றேதான், சின்னச் சுத்தியலால் தட்டத் தட்ட அதன் தலை குடையாக விரிந்து வாஷர்மேல் படிய வேண்டும். எஃகு ஆணியைப் போட்டு இறுக்கினால் கொம்புதான் துளையைச் சுற்றி விரிசல் விடும். அந்தச் சந்தையில் இவர் புரட்டிப் பார்த்த பழைய கத்திகளில் பாதிக்குமேல் ஆணித் துளையைச் சுற்றித்தான் வெடிப்பு, நானே கூட நின்று பார்த்திருக்கிறேன், அப்போது காரணம் தெரியாது.

கோணின ஆப்பு, சரியாக மெலியாத ஆப்பு வாய்த்துவிட்டால் அப்புறம் ஆணியை என்ன தட்டினாலும் பிரயோஜனமில்லை என்றார். ஒரு முழம் தள்ளி நின்று காரியத்தைக் கெடுக்கிற ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா, உன் சின்ன நாத்தனார் கல்யாண வீட்டில் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. சரி, அது வேண்டாம் இப்போது.

தாத்தா ரிப்பேர் பண்ணினதை அவசியம் சொல்ல வேண்டும். ஆணித் தலையை அரத்தால் ராவினார், பூப்போலத் தொட்டுத் தொட்டு, கொம்பில் ஒரு கீறல் விழவில்லை. பழைய ஆணியைத் தள்ளி எடுத்தார், தண்டைத் துடைத்து உள்ளே இருந்த துருவைக் காட்டினார். தண்ணீர் போய் நிற்கிற இடம் அதுதானாம், கூர் பளபளக்கும், ஆணிக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பட்டையைச் சூடான தண்ணீரில் வாட்டி நிமிர்த்தினார், உட்பக்கம் தேய்ந்திருந்ததால் தண்டுக்கும் கொம்புக்கும் நடுவில் மெல்லிய பித்தளை வாஷர் இரண்டு வைத்தார், புது ஆணியைச் செருகி வெட்டினார், ஒரு இரும்புக் கட்டையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். தட்டுவது என்றால் பலமாக இல்லை, டிக் டிக் என்று கடிகாரச் சத்தம்தான் கேட்டது. நாலு தட்டு, ஒருதரம் மடக்கிப் பார்ப்பார். திருப்பிப்போட்டு நாலு தட்டு, திறந்து பார்ப்பார். எப்போது நிறுத்துவது என்று அத்தான் கேட்டதற்கு, கத்தியைப் பாதி திறந்து மேசைக்கு மேலே பிடித்துக் காட்டினார். விட்ட இடத்தில் நின்றது, கீழே சாயவில்லை. கட்டைவிரலால் தள்ளினால் சொடுக்கோ வெட்டோ இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு தட்டுக்கூடக் கூடாது. இறுகிப்போனால் திறக்கிறவர் பலத்தைக் கொடுத்துத் திறப்பார், அப்படிப் பலம் கொடுக்கிற கைதான் வழுக்கிக் கூர்மேல் போய் விழும்.

இனிமேல் சொல்லப்போகிறதை நீ நம்பமாட்டாய், நானும் முதலில் நம்பவில்லை. சவரம் பண்ணும்போது கை அந்தப் பிடியைப் பிடிப்பதே இல்லை! கத்தியைத் திறந்து பிடியை மேலே நிமிர்த்திவிடுகிறார்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் தண்டின் முதுகில், கட்டைவிரல் அடியில், தண்டுக்குப் பின்னால் வளைந்து நீளுகிற ஒரு வால் இருக்கிறதே அதில் சுண்டுவிரல். பிடி மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றுகொண்டு அது சும்மா இல்லை, கத்தியின் பாரத்துக்கு எதிர்ப்பாரமாக நிற்கிறது. ஆணி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் பிடி அங்கும் இங்கும் சாயும், பாரம் இடம் மாறும், கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் அழுத்தம், அழுத்தினால் ரத்தம். கூரான கத்திக்கு அதன் பாரமே போதும், முப்பது டிகிரி சாய்வில் வைத்து விட்டுவிட வேண்டியதுதான் என்பது தாத்தாவின் பாடம்.

அதனால்தான் பிடி என்ன பொருள் என்பதும் முக்கியமாகிறது. நன்றாக உட்குழிவாகச் சாணை பிடித்த கத்தி காற்றாக இருக்கும், அதற்குக் கனத்த உலோகப் பிடியைப் போட்டால் கை பின்னால் இழுக்கும், கத்தி நுனி முகத்தில் தங்காது. ஷெஃபீல்டில் செய்த பழைய ஆப்பு வடிவக் கத்திகள் கனம், அவற்றின் பிடிக் கோடியில் ஈயத்தில் ஆப்பு வைத்திருப்பார்கள், ஈயத்தின் எடையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். திறந்து நீட்டி விரல்மேல் வைத்தால் ஆணி பக்கத்தில் சமநிலைக்கு வர வேண்டும், சிலர் இன்னும் கொஞ்சம் கத்திப் பக்கமே பாரம் இருக்கட்டும் என்பார்கள், அது அவரவர் கைவாகு. பித்தளையில் தகடு தகடாக அலங்காரம் பண்ணி இப்போது விற்கிறார்கள், பார்க்க அழகு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தான் லாயக்கு என்பது என் அபிப்பிராயம்.

அந்த வால்கூட ஆதியிலிருந்து இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் தண்டு ஆணியைத் தாண்டியதும் முடிந்துவிடும், இருந்தாலும் ஒரு குட்டை மொட்டுதான் இருக்கும். அதற்கடுத்த நூற்றாண்டு தொடங்கும்போதுதான் வால் வளர ஆரம்பித்தது. வளர்ந்தபின் சுண்டுவிரலுக்கு ஒரு இருப்பிடம் கிடைத்தது, திறக்கிறதற்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது. தண்டின் அடியில் குட்டிக் குட்டியாகப் பல்வெட்டு போட்டிருப்பார்கள், சோப்பு நுரையில் கட்டைவிரல் வழுக்காமலிருக்க. யாரோ ஒருவர் கையை அறுத்துக்கொண்ட பிறகுதான் இதெல்லாம் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தோலில் தீட்டும்போதும் இதே ஆணிதான் தொல்லை. முதுகை முன்னால் விட்டு இழுக்க வேண்டும், கோடி வந்ததும் கூரைத் தூக்காமல் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்ட வேண்டும், திரும்பி வர வேண்டும். அந்தப் புரட்டலைச் செய்வது தண்டைப் பிடித்திருக்கிற கட்டைவிரலும் சுட்டுவிரலும். பிடி கூடவே புரளாமல் தொளதொளவென்று தனியாக விழுந்தால் தாளம் தப்பிவிடும், கூர் தோலில் இறங்கும். அத்தானுடைய முதல் தோல்வாரில் இருக்கிற வெட்டுகளுக்கு இதுதான் காரணமாம். கதவை யாரோ இடித்தார்கள் என்று என்னையும் பிள்ளையையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல மனிதர்.

பாளையங்கோட்டை சலூன்களில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். அங்கேயும் மடக்குக் கத்திதான், அதே வால், அதே விரல் பிடிப்பு, ஆனால் பிளேடைத் தாளோடு சேர்த்து இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகுகிறார்கள், ஒரு ஆள் எழுந்ததும் அதை எறிந்துவிடுகிறார்கள். கூர் பத்து நிமிஷம் இருந்தால் போதும், அது மடக்கும்போது உரசினால் என்ன, உரசாவிட்டால் என்ன. அந்தத் தகரப் பிடியின் ஆணி எவ்வளவு ஆடினாலும் கடைக்காரர் அலட்டிக்கொள்வதில்லை, அவர் கைப்பழக்கமே அதைச் சரிக்கட்டிவிடும். நாற்பது வருஷம் ஒரே கூரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் மடங்குகிற பாதை மயிரிழை பிசகக் கூடாது. 1903-இல் ஜில்லெட் தூக்கியெறிகிற பிளேடை விற்க ஆரம்பித்ததும் உலகம் தீட்டுகிற வேலையிலிருந்து தப்பித்தது என்பார்கள், இந்த ஆணி வேலையிலிருந்தும் சேர்த்துத்தான் தப்பித்திருக்கிறது.

ட்யூசல்டார்ஃபில் இம்மர்மன் தெருப் பக்கம் ஜப்பான்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே முள்ளங்கி நன்றாகக் கிடைக்கும் என்பதால் மாதமொருதரம் போவோம். அங்கே ஒரு கத்திக் கடையில் அவர்களுடைய சவரக் கத்தியைப் பார்த்தேன், கமிசோரி என்கிறார்கள். அதில் ஆணியே இல்லை, மடக்குகிற பேச்சே இல்லை! நுனியிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரே இரும்பு, பிடிக்கிற இடத்தில் பிரம்பு நாரைச் சுற்றியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் சரியென்று பட்டது, ஆடுகிறதற்கு ஒன்றுமில்லையே. ஆனால் கூரை மூடிவைக்கவும் ஒன்றுமில்லை, தனியாக ஒரு பெட்டி வேண்டும், குழந்தை இருக்கிற வீட்டில் பயம்தான். மடக்குகிற பிடி அந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்கிறது: சட்டைப்பையில் போட்டாலும் கூர் தன் கூட்டுக்குள் இருக்கும். பிடி போதிய அகலம் இல்லாமல் கூர் மறுபக்கம் எட்டிப் பார்க்கிற கத்தியைத் தாத்தா தொடவே மாட்டாராம்.

என்னைக் கேட்டால் பிளாஸ்டிக் பிடிதான் உத்தமம். கொம்பு கோணும், பூச்சி அரிக்கும். மரம் தண்ணீர் குடித்து ஊதும். தந்தம் வெடிக்கும், 1989-இல் நாடுகளுக்கிடையே நடக்கிற தந்த வியாபாரத்தையே தடை செய்துவிட்டார்கள், யானை பாவம். இவர் கொம்புதான் வேண்டுமென்று நிற்கிறார். கொம்பில் வெளிச்சம் பட்டால் தேன் நிறம் வருமாம். முகத்தை வழிக்கிறதற்குத் தேன் நிறம் எதற்கு என்று கேட்டால் கோபம்.

இனி உன் விஷயம், இதற்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. உன் மாமனாருடைய கத்தி டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, அதிலும் சோலிங்கன் என்று பொறித்திருக்கிறது, பிடி வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் வரியோடு தந்தம் போல இருக்கிறது, மாமனார் ஞாபகமாகப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாய், திறந்தாலே கற்பூர வாசம் வருகிறது என்று சொன்னாயே. அதை அப்படியே தாத்தாவிடம் சொன்னேன், கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார். ஏட்டி, அது தந்தம் இல்லை, செல்லுலாய்டு. 1870 வாக்கில் அமெரிக்காவில் கண்டுபிடித்த சாமான், நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்த பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது, தந்தம், ஆமை ஓடு எல்லாவற்றுக்கும் பதிலாக அந்தக் காலத்தில் அதைத்தான் போட்டார்கள். அந்தக் கற்பூர வாசத்துக்குச் சாமி காரணமில்லை. பழசானால் அது அமிலப் புகை விடும், மூடியிருக்கிற கத்தியைப் பிடிக்குள்ளேயே துருப்பிடிக்க வைத்துவிடும், கூர் பக்கம்தான் முதலில் போகும். மேலாக நீ துடைத்து வைத்தாலும் பிரயோஜனமில்லை. தீப்பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும், அதைப் போய் விளக்கு எரிகிற இடத்தில் வைத்திருக்கிறாய்!

கடிதம் கிடைத்த உடனே அலமாரியிலிருந்து எடு. கத்தியைத் திறந்தே வை, வெள்ளிச் சாமானோடு சேர்த்து வைக்காதே, டப்பாவில் அடைக்காதே. பூட்டு ரிப்பேர் செய்கிறவர் யாரிடமாவது கொடுத்து ஆணித் தலையை ராவச் சொன்னால் பிடி தனியாகக் கழன்று வந்துவிடும். சூடுபடுத்தி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் விடாதே, பக்கத்தில் பீடி பிடிக்கவும் விடாதே. அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆணியும் வாஷரும் தெளிவாகத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் உன் பேத்தியின் ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, தாத்தா அளவு பார்த்துப் புதுப்பிடி செய்து தருகிறேன் என்கிறார், கொம்பா மரமா என்று மட்டும் உன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல். உன் அண்ணன் மகன் புறப்படும்போது கத்தியை மட்டும் துணியில் சுற்றி, கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டியில் போடச் சொல். பழைய பிடியை அதோடு அனுப்பிவிடாதே. இடம் மிச்சமிருந்தால் கூழ்வடகமும் சுண்டவற்றலும் வை, இங்கே கிடைப்பதில் மண் கடிக்கிறது.

உன் அன்புள்ள,
மழையூர்க்காரி